நாகர்கோவில் சந்திப்பில் இறங்கும் தொழிலாளிக்கு நம் மேடைகளில் இடம் உண்டா?

கோட்டாற்று வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அசாமின் திப்ருகரில் புறப்பட்டு 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கன்னியாகுமரியில் வந்து நிற்கும் விவேக் எக்ஸ்பிரஸ் 2011 நவம்பரில் ஓடத் தொடங்கியது. அந்த வண்டி நாகர்கோவில் சந்திப்பில் நிற்கும்போது, முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக இறங்கும் இளைஞர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கட்டட வேலை, செங்கல் சூளை, ஓட்டல் அடுக்களை, விசைப்படகு என்று அவர்களுடைய கை படாத தொழில் இன்று மாவட்டத்தில் குறைவு. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. அதன் புதிய கட்டடங்களில் பெரும்பாலானவற்றில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வானொலி, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி ஆகிய எதிலும் அவர்களுடைய குரலை நான் கேட்டதில்லை.

நாம் நம்முடைய அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் தோல்பாவைக் கூத்தை எண்ணிப் பாருங்கள். அதை நடத்திவரும் மண்டிகர்கள் வீட்டில் மராத்தி பேசுபவர்கள். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் தெற்கே வந்தவர்களின் வழிவந்த அவர்கள், பின்னர் ஊர் ஊராக நகர்ந்து இங்கு வந்து சேர்ந்தார்கள். தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை விளக்கொளியில் ஆட்டியபடி, திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஆள் இராமனுக்கும் இராவணனுக்கும் குரல் கொடுப்பார். இடையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து நம் ஊர்ப் பேச்சில் பேசிச் சிரிக்க வைப்பார்கள். வீட்டில் மராத்தி பேசியவருக்கு அந்தப் பேச்சு அவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு, நம் ஊர்கள் அவருக்கு ஒரு திடலையும் கேட்பதற்கு ஆட்களையும் தந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன். தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவும் தென்காசியில் பிறந்து இங்கு வந்தவர்தாம். அவருடைய ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் இரவு முழுக்கப் பாடப்படும்போது, அவரை வெளியூர்க்காரர் என்று யாரும் எண்ணுவதில்லை.

வந்தவர்களைக் கேட்பவர்களாக மட்டும் உட்கார வைக்காமல் கலைஞர்களாக அழைக்க நம்மால் முடியுமா என்பதே என் கேள்வி.

கட்டுமானத் தோழர்

அண்ணாச்சியின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும், பூச்சு முடியாத கட்டடத்தின் தரைத்தளத்தில் சிமெண்ட் சாக்கை விரித்துப் படுப்பவரிடம் முதலில் மேடையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், இடப்பெயர்வுப் படி தர வேண்டும், தங்குமிடம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நான் வேலை செய்த இடங்களில் அவற்றுள் ஒன்றையாவது முழுமையாகப் பெற்ற ஒரு தொழிலாளியை நான் சந்தித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு தொழிலாளர் தினக் கலைவிழா நடத்தியது. லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட வடமாநிலத் தொழிலாளர்கள் கடைசி வரிசைகளில் உட்கார வைக்கப்பட்டார்கள். தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் மேடையில் பேசப்பட்ட எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுள் ஒருவரையும் யாரும் பேச அழைக்கவில்லை. அதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தூங்க விட்டிருக்கலாம். கலை என்ற பெயரில் அதே காட்சி திரும்ப நடக்குமானால் நான் அதற்குத் துணை நிற்க மாட்டேன்.

தோவாளை வில்லிசை

தோழர் சொல்லும் விழாவைப் போன்றவை நடக்கின்றன என்பதை நானும் அறிவேன். கூலியும் மேடையும் ஒன்றையொன்று காத்திருக்க வேண்டியவை அல்ல என்பதால், என் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு முந்தைய வாரம் வீட்டு முற்றத்தில் வில்லுப்பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மனையில் கொத்தனாருக்குக் கையாளாக இருந்த ஓர் அசாம் இளைஞர் தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து மதிலோரம் நின்று கேட்பார். ஒரு நாள் அவரை உள்ளே அழைத்துக் குடத்துக்கு முன் உட்கார வைத்தோம். மட்டையால் குடத்தின் வாயை அடிக்கும்போது காற்று உள்ளே இறங்கி வரும் அந்தக் கும்மென்ற ஒலியைப் பிடிக்கப் பலருக்கு மாதக்கணக்காகும். அவர் ஊரில் பிஹு திருவிழாவுக்கு டோல் என்ற மேளம் அடித்தவராம்; அடியின் கனத்தை அன்று மாலையே கண்டுகொண்டார். நடை மட்டும் வேறாக இருந்தது. எங்கள் தாளத்துக்குள் அவர் தம்முடைய பிஹு நடையை நுழைத்தபோது உடுக்கைக்காரர் முதலில் தடுமாறினார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். அந்த நடையைக் கதையில் படை புறப்படும் இடத்துக்கு நாங்கள் இப்போதும் வைத்திருக்கிறோம்.

கொடையன்று அவரை வில்லில் உட்கார வைக்கலாமா என்று கேட்டபோது கோயில் குழுவினர் ஒப்பவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தெய்வத்தின் கதை பாடி ஆராசனை (சாமியாட்டம்) வரும் இரவுக்கு விரதம் உண்டு, முறை உண்டு. உள்ளூர்க்காரனுக்கும் அதே கட்டுப்பாடுதான். ஆனால் மறுநாள் மாலை நடக்கும் பொதுக் கலைநிகழ்ச்சியில் அவர் வாசிப்பதற்கு அவர்களே இடம் தந்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதி எதிர்ப்பு இல்லாமல் போகும். வில்லுக்குப் புதுக்கதை ஆகாது என்பாரும் உண்டு, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் கதையையே வில்லில் ஏற்றிப் பாடியவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

பகுதிநேர நிருபர்

மேடையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. என் தொழிலைப் பற்றி நான் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல நிகழ்ச்சி ஓராண்டில் சேர்த்துவைப்பதை ஒரு செய்தி ஒரு நாளில் கலைத்துவிடும்.

2018 மே மாதத்தில் குழந்தை கடத்துபவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் தமிழ் பேசத் தெரியாதவர் எவரும் தெருவில் நடக்க அஞ்சினார்கள். 2023 மார்ச்சில் அந்த அச்சம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகத் தொடர்பில்லாத காணொலிகள் வடமாநிலங்களில் பரப்பப்பட்டன. ஹோலிக்கு ஊருக்குப் போகும் காலமும் அதுவே என்பதால் தொடர்வண்டி நிலையங்களில் கூடிய கூட்டம் அந்தப் பொய்க்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அப்போது காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த நம் மாவட்டத்துக்காரர் சைலேந்திர பாபு அவை பொய் என்று காணொலி வாயிலாக விளக்கினார். இந்தியிலும் அறிவிப்புகள் வெளியாயின. பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துச் சென்றது.

அந்த நாட்களில் ஒரு பீகார்த் தொழிலாளி உள்ளூர் வானொலியில் தம் சொந்த மொழியில், "நான் இங்கே நலமாக இருக்கிறேன், நேற்றும் வேலைக்குப் போனேன்" என்று வழக்கமாகப் பேசிவந்தவராக இருந்திருந்தால், அதிகாரியின் மறுப்பை விட அந்தக் குரலை அவருடைய ஊர் நம்பியிருக்கும். அதற்கான கருவி நம்மிடம் இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கப்பட்டது நாகர்கோவிலில்தான். பண்பலையில் உள்ளூர்க்காரனின் பேச்சு ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட நிலையம் அது. இன்றைய உள்ளூர்க்காரர்களுள் ஒரு பகுதியினர் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறார்கள். வாரத்தில் அரைமணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

செய்தி எழுதும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். திருட்டு வழக்கில் பிடிபட்டவர் வடமாநிலத்தவர் என்றால் அது தலைப்பிலேயே வருகிறது. பிடிபட்டவர் நம்மூர்க்காரராக இருந்தால் அவருடைய ஊர் மூன்றாவது பத்தியில் வருகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

தேங்காப்பட்டணத்துக்காரர்

நிருபர் வானொலியைத் தொட்டதால் எழுதுகிறேன். எனக்கு மேடை விஷயத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. அவர்கள் சில மாதங்கள் இருப்பார்கள், பணம் சேர்ந்ததும் போவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கே வாய்ப்புக் குறைவாக இருக்கும்போது இதற்கு இவ்வளவு முயற்சி வேண்டுமா என்று எங்கள் பகுதியில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் கடலில் மொழி உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கடற்கரை எப்படி அழுதது என்று உங்களுக்குத் தெரியும். இன்று ஆழ்கடல் படகுகளில் வெளிமாநிலப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை வந்தால் படகை ஓட்டும் ஸ்ராங்க் புரிந்துகொள்வார். கீழே ஐஸ் அறையில் நிற்கும் பையனுக்குச் சைகைதான். வானிலை அறிவிப்பு தமிழில் முடிந்ததும் இந்தியிலும் வங்காளத்திலும் இரண்டு வரி சொல்லச் செய்யுங்கள். பாட்டு அதற்குப் பிறகு வரட்டும்.

தாராவியில் வளர்ந்தவர்

தேங்காப்பட்டணத்து அண்ணாச்சி எழுப்பிய கேள்வியை ஒருகாலத்தில் பம்பாயில் நம்மைப் பார்த்துக் கேட்டார்கள். 1960இல் பால் தாக்கரே தொடங்கிய மார்மிக் என்ற கேலிச்சித்திர வார இதழ், அலுவலகங்களில் பதவி வகிக்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. 1966இல் சிவசேனை உருவானது. எங்கள் அப்பா அந்தக் காலத்தில் கடைப் பெயர்ப்பலகையிலிருந்து தமிழ் எழுத்தை அழித்ததாகச் சொல்வார். ஒரு நகரத்தில் குடியேறியவனுக்கு ஊடகம் என்ன செய்ய முடியும் என்பதை நெல்லை, குமரி மக்கள் வாழ்ந்தே தெரிந்துகொண்டவர்கள். சில மாதங்களில் போய்விடுவார்கள் என்றுதான் எங்களையும் சொன்னார்கள்; மூன்று தலைமுறை ஆயிற்று.

சிங்கப்பூரிலிருந்து ஒரு குமரி மாவட்டத்தவர்

நான் இங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். 2014இல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்று இங்கு தொடங்கியது. முதலில் வங்காள மொழித் தொழிலாளர்கள் பங்கேற்றார்கள்; பின்னர் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளும் சேர்ந்தன. ஒவ்வொருவரும் தம் மொழியில் வாசிப்பார், மொழிபெயர்ப்பு திரையில் வரும். அதற்கும் முன்பே, 2011இல், ரோவெல் சாலையில் திபாஷ்ரம் என்றொரு சிறிய கூடம் வங்கதேசத் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்டது. விடுமுறை நாளில் பாடவும் எழுதவும் ஓர் இடம் கிடைப்பது எத்தகைய ஆறுதல் என்பதை, பன்னிரண்டு பேர் ஓர் அறையில் படுக்கும் விடுதியிலிருந்து வருபவனால்தான் சொல்ல முடியும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்தப் போட்டியில் 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் முதல் பரிசு பெற்ற ஜாகிர் ஹுசைன் கோகனின் பணி அனுமதி, தொழிலாளர் நிலை பற்றி அவர் முகநூலில் எழுதிய பதிவுக்குப் பின் 2022இல் புதுப்பிக்கப்படவில்லை. கவிதைக்குக் கைதட்டிய நகரத்தில் அவரால் தொடர்ந்து இருக்க முடியவில்லை. கட்டுமானத் தோழரின் ஐயத்தை நான் இங்கிருந்து முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அந்தப் போட்டி நடந்திருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் தெரியாத தொழிலாளியாக இருந்தவரை அது கவிஞராக நகரத்துக்கு அறிமுகம் செய்தது.

முகாமில் பிறந்தவள்

நான் இம்மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். 2021இல் அரசு இவற்றை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. மொழி தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்த இழையில் தெரிவதால் சொல்கிறேன்: எங்களுக்குத் தமிழைத் தவிர வேறு மொழியே தெரியாது. இருந்தும் என் கல்லூரித் தோழிகளுள் பலர் முகாமுக்குள் வந்ததில்லை.

ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள். என் அம்மாவிடம் போரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் அழுத பகுதியை மட்டும் வெளியிட்டார்கள். அம்மா அன்று அவர்களுக்காக ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சிப் பரிமாறியதும், கூழின் கதையைச் சொல்லிச் சிரித்ததும் அதில் இல்லை. அதன்பிறகு கேமராவைக் கண்டால் அவர் உள்ளே போய்விடுகிறார். எங்களை எங்கள் துயரத்துக்காக மட்டும் அழைக்காதீர்கள். எங்கள் முகாமில் நன்றாக நடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நகர நாடகக் குழுக்கள் அவர்களுக்கு அகதி வேடத்தைத் தவிர வேறு வேடமும் தரலாம்.

அரசு ரப்பர் கழகத் தோட்டங்களையும் மறந்துவிடாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்களுக்கு வேலை தரும் நோக்கமும் சேர்ந்து வளர்ந்தவை அவை. மலையகத்தில் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் ஆடிய மக்கள் அவர்கள். கீரிப்பாறைத் தோட்டத்தில் இன்று ரப்பர் பால் வெட்டுபவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அவற்றுள் ஏதாவது தெரியுமா என்று யாரேனும் போய்க் கேட்டுப் பதிவு செய்தால் நான் உடன் வருகிறேன்.

மார்த்தாண்டத்து டீச்சர்

மகளே, நீ எழுதியதை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கு மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் சங்ஙாதி என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்தது. அதற்கென்றே ஒரு பாடநூலும் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு பாடநூல் தமிழிலும் வர வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்படுகிறேன். எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எட்டிய மாவட்டம் நாம். இதற்கு முன்கை எடுக்க நமக்குத் தகுதி இருக்கிறது.

பள்ளியில் நான் காண்பது வேறு. சூளைத் தொழிலாளி ஒருவரின் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அம்மாவின் நோயை டாக்டருக்குத் தமிழில் சொல்லி, மருந்து உண்ணும் வேளையை அம்மாவுக்கு ஒடியாவில் திருப்பிச் சொல்பவள் அவளே. ஆண்டு விழாவில் ஆங்கிலப் பாட்டுக்கு ஆட அவளைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவள் பாட்டி சொல்லிக் கொடுத்த ஒடியா நடவுப் பாட்டை அவளே பாடி, அவளே தமிழில் பொருள் சொல்லட்டும் என்று கேட்டு வாங்கினேன். விழா முடிந்ததும் நாற்று நட்ட அனுபவமுள்ள நம்மூர்ப் பாட்டிகள் இரண்டு மூன்று பேர் அவளைச் சூழ்ந்து, அந்த மெட்டில் குலவை எங்கே வரும் என்று விசாரித்தார்கள். அவளுடைய அம்மா அன்றுதான் முதன்முறையாகப் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

கோட்டாற்று வாசகன்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வெளிநாட்டு முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் காரியத்துக்கு வருகிறேன். பெர்லினில் 2015 டிசம்பரில் முல்தக்கா என்ற திட்டத்தின்கீழ், சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அடைக்கலம் வந்தவர்களுக்குப் பயிற்சி தந்து அருங்காட்சியகங்களில் அரபு மொழி வழிகாட்டிகளாக்கினார்கள்; தம் நாட்டின் பழம்பொருள்களைத் தம் மக்களுக்கு அவர்களே விளக்கினார்கள். வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதியில் குடியேறிகள் வந்துபோகும் சந்தையை ஒட்டிய பழைய கூடம் ஒன்று 2007 முதல் எல்லாருக்கும் திறந்த கலைக்கூடமாக இயங்குகிறது. இரண்டாவது முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்குக் கலையைக் கொண்டுபோனார்கள்.

சித்திரை விஷுவுக்கு நாம் கனி காணும் அதே நாட்களில் அசாமில் ரொங்காலி பிஹு கொண்டாடுகிறார்கள். அடுத்த சித்திரையில் வடசேரிப் பகுதியில் தொழிலாளர்கள் ஞாயிறு மாலை சந்தைக்கு வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தலாம். வில்லும் டோலும் ஒரே மேடையில் இருக்கட்டும். முகாமின் நாடகக் குழு தாங்கள் விரும்பும் நாடகத்தைப் போடட்டும். அறிவிப்பு நான்கு மொழிகளில் இருக்கட்டும். வானிலை எச்சரிக்கைக்கும் அரைமணி நேர நிகழ்ச்சிக்கும் வானொலி நிலையத்துக்கு நாம் எல்லாரும் கையொப்பமிட்டுத் தனித்தனியே இரண்டு மனுக்கள் கொடுக்கலாம். வரைவை நான் எழுதுகிறேன்.

கட்டுமானத் தோழர்

இந்த வடிவத்துக்கு நான் வருகிறேன். ஆனால் என் நிபந்தனைகளை இப்போதே எழுதிவிடுகிறேன். வாசிப்பவருக்கும் ஆடுபவருக்கும் உள்ளூர்க் கலைஞருக்குத் தரும் அதே ஊதியத்தைத் தர வேண்டும். திட்டமிடும் குழுவில் பாதிப் பேர் தொழிலாளர்களாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் எவரும் மேடையேறக் கூடாது. கேட்காமல் யாரையும் படம் பிடிக்கக் கூடாது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவுக்கான படிவங்களை அங்கேயே நிரப்பித் தருவோம். அந்த மேசைக்கு எங்கள் சங்கம் பொறுப்பு. இந்தி, வங்காளம் எழுதத் தெரிந்த இருவர் வேண்டும். டீச்சர் உதவ முடியுமா?

மார்த்தாண்டத்து டீச்சர்

இந்திக்கு நானே வருகிறேன். வங்காளத்துக்கு எங்கள் ஊர் மர அறுவை மில்லில் வேலை செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். கையெழுத்தும் அழகாக இருக்கும். அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் இன்று மாலையே கேட்டுச் சொல்கிறேன்.